தகடூர் நாட்டில் கூதிர்க் காலம்

உரோமைக்கும் அசிசிக்கும் திருப்பயணம் சென்று திரும்பும் நம்மவர்கள், அங்குள்ள பேராலயங்களைப் பற்றிச் சொல்லி முடித்தபின், அந்நாட்டின் பருவகாலத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். செப்டம்பர் முடிந்து அக்டோபர் பிறக்கும் நாள்களில் கோடை வெயில் தணிந்துவிடுமாம்; குன்றின்மேல் அமர்ந்திருக்கும் பழைய நகரங்களின் கீழே திராட்சை அறுவடை நடக்குமாம்; ஒலிவ மரங்களில் காய்கள் நிறம் மாறுமாம்; சந்தைகளில் புதுப் பழங்களின் மணம் வீசுமாம். அசிசியாரின் திருநாளும் அக்டோபர் 4ஆம் நாளன்றே வருவதால், வழிபாடும் விளைச்சலும் ஒன்றாய்க் கலந்த அக்காட்சியைக் கண்டவர்கள் எளிதில் மறப்பதில்லை. இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு, “நம் நாட்டில் அப்படியொரு பருவம் ஏது? வெயிலை விட்டால் மழை, மழையை விட்டால் வெயில்” என்று முடிப்பார்கள்.

இக்கூற்று சரியன்று என்பதே நமது எண்ணம். ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்த பண்டைத் தமிழர், ஆவணியையும் புரட்டாசியையும் கார் என்றும், ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றும் பெயரிட்டு அழைத்தனர். கார் ஓய்ந்து கூதிர் தொடங்கும் அந்தச் சில வாரங்களே நமக்குரிய பருவம். அதன் அழகு இலை உதிர்வதில் இல்லை. இலை தழைப்பதில் இருக்கிறது. அந்த அழகினை ஒரு பழம்பெரும் நகரத்தோடும் அதைச் சுற்றியுள்ள நாட்டுப்புறத்தோடும் சேர்த்துக் காண விரும்புவோர் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை. தருமபுரிக்குச் சென்றால் போதும்.

தருமபுரியா என்று வாசகர்கள் வியக்கக்கூடும். தருமபுரி என்றதும் பலருக்கு இரண்டே நினைவுகள் வரும். ஒன்று, வறட்சி, மற்றொன்று, ஒகேனக்கல் அருவி. வறட்சிக்கு அஞ்சி ஒதுங்குவோர் ஒருபுறம் இருக்க, அருவிக்குச் செல்வோரோ பேருந்திலிருந்து இறங்கி, குளித்து, மீன் வறுவல் உண்டு, மறு பேருந்தில் ஏறிவிடுகின்றனர். இடையிலுள்ள நாடு அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. நாம் சென்ற ஐப்பசியில் நான்கு நாள்கள் அந்த நாட்டில் தங்கி, கண்டவற்றையும் கேட்டவற்றையும் இங்கே வாசகர்முன் வைக்கின்றோம்.

கணவாய்க்கு அப்பால்

சேலத்திலிருந்து தருமபுரி ஏறத்தாழ 65 கிலோமீட்டர். வழியில் தொப்பூர்க் கணவாய் குறுக்கிடுகின்றது. இருபுறமும் மலைகள் நெருங்கிவர, சாலை வளைந்து வளைந்து மேலேறுகின்றது. அதனைக் கடந்ததும் காற்றின் தன்மையே மாறிவிடுவதை உணரலாம். சமவெளியின் புழுக்கம் கீழேயே நின்றுவிட, மேட்டு நிலத்தின் குளிர்ந்த காற்று முகத்தில் வந்து படுகின்றது.

கோடையில் இவ்வழியே சென்றவர்களுக்குச் செம்மண்ணும், கருகிய புற்களும், அடுக்கி வைத்தாற்போன்ற பாறைக் குன்றுகளுமே நினைவில் இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்றின் கடைசி மழையும் வடகிழக்குப் பருவக்காற்றின் முதல் மழையும் இம்மாவட்டத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு பெய்கின்றன. ஆண்டின் மிகுதியான மழை செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலேயே கிடைக்கின்றது. ஆகவே ஐப்பசித் தொடக்கத்தில் அதே குன்றுகளின் இடுக்குகளிலெல்லாம் பசுமை பொங்கி நிற்கின்றது. கேழ்வரகுக் கொல்லைகளில் கதிர்கள் விரல் மடக்கிய கைகளைப்போலத் தலைகவிழ்ந்து நிற்கின்றன. அவற்றிற்கிடையே சால் பிடித்து விதைத்த துவரையும் அவரையும் அப்போதுதான் பூவெடுக்கின்றன. மேட்டுப் பகுதிகளில் ‘உச்செள்’ என்று இவ்வட்டாரத்தார் அழைக்கும் எண்ணெய் வித்துச் செடி, சரிவு முழுவதும் மஞ்சள் பூக்களை விரித்து வைக்கின்றது. ஆயுத பூசைக்கும் தீபாவளிக்கும் நடுவில் சாமந்தித் தோட்டங்களில் பூப்பறிக்கும் பெண்களின் குரல் விடியற்காலையிலேயே கேட்கத் தொடங்கிவிடுகின்றது. முசுக்கட்டைக் கொல்லைகள் தழைத்திருக்க, அவற்றின் இலையை உண்டு வளரும் புழுக்களின் பட்டுக்கூடுகள் மூட்டை மூட்டையாகத் தருமபுரி அங்காடிக்கு வந்து சேருகின்றன.

இந்த மாவட்டம் 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சேலத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 2004ஆம் ஆண்டில் கிருஷ்ணகிரி இதிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. ஆயினும் மக்களின் பேச்சிலும் உணவிலும் உழவிலும் இரண்டும் இன்றும் ஒரே நாடுதான்.

பழைய தகடூர்

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய அதியமான் நெடுமான் அஞ்சியின் தலைநகர் இதுவே. அரிதின் முயன்று பெற்ற நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்த அவனது கதையை அறியாத தமிழ்க் குழந்தை இல்லை. நீண்ட நாள் வாழவைக்கும் கனி என்று தெரிந்தும், அதனைச் சொல்லாமலே கொடுத்தான் என்பதுதான் அக்கதையின் உயிர். இந்நாட்டுக்குக் கரும்பினைக் கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர்கள் என்று சங்கப் பாடல்கள் கூறுகின்றன. கொண்டுவந்தவர்களின் வழித்தோன்றல் கொடுப்பவனாக வாழ்ந்ததில் வியப்பில்லை.

அதியர் புலவர்களின் கற்பனையில் மட்டும் வாழ்ந்தவர் அல்லர். பேரரசன் அசோகனின் கல்வெட்டு, சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சத்தியபுத்திரர் என்றொரு குலத்தையும் குறிப்பிடுகின்றது. அவர்கள் யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டு வந்தனர். 1981ஆம் ஆண்டில் திருக்கோவிலூரை அடுத்த சம்பை என்னும் ஊரின் குன்றில் ஒரு தமிழிக் கல்வெட்டு கண்டுபிடிக்கப்பட்டது. அதியமான் நெடுமான் அஞ்சி அங்கே ஒரு பள்ளியை ஈந்தான் என்பது அதன் செய்தி. அவன் பெயருக்கு முன்னால் சத்தியபுத்திரன் என்னும் பட்டம் பொறிக்கப்பட்டிருந்தது. ஒரே வரியில் ஒரு பெரும் வழக்குத் தீர்ந்தது. அந்த ஒரு வரியும் ஒரு கொடையைப் பற்றியதாகவே இருந்ததை நாம் எண்ணி மகிழலாம்.

ஈகை அவனைக் காப்பாற்றவில்லை. சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை முற்றுகையிட்டு அழித்தான். அப்போரைப் பாடிய ‘தகடூர் யாத்திரை’ என்னும் நூல் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. சில பாடல்களே பிற்காலத் தொகைகளின் வழியாக எஞ்சியுள்ளன. கோட்டை போயிற்று, அதனைப் பாடிய நூலும் போயிற்று, கொடுத்த நெல்லிக்கனி ஒன்று மட்டும் நிலைத்துவிட்டது.

நகருக்குத் தெற்கே சேலம் சாலையில் உள்ள அதியமான்கோட்டை அவ்வள்ளலின் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது. அவ்வூர்ச் சென்றாயப் பெருமாள் கோவிலின் விதானத்தில் இராமாயண, பாரதக் காட்சிகள் வண்ண ஓவியங்களாகத் தீட்டப்பட்டுள்ளன. நூற்றாண்டுகளின் புகையும் ஈரமும் பட்டு மங்கியுள்ள அவற்றைக் காண, கண்ணை இருளுக்குப் பழக்கிக்கொண்டு சிறிது நேரம் அண்ணாந்து நிற்க வேண்டும். முதலில் ஒன்றும் தெரியாது. பின்னர் ஒரு தேர்ச்சக்கரம் தெரியும், அதன்பின் குதிரைகள், அதன்பின் ஒரு படையே உருப்பெறும்.

நகருக்குள்ளேயே கோட்டைக் கோவில் இருக்கின்றது. மல்லிகார்ச்சுனர் கோவிலும் காமாட்சியம்மன் கோவிலும் அருகருகே அமைந்துள்ளன. 9ஆம் நூற்றாண்டையொட்டி இப்பகுதியை ஆண்ட நுளம்பர்களின் கலைச்சாயல் இங்குள்ள தூண்களில் காணக் கிடைக்கின்றது. அம்மன் கோவிலின் அடித்தளத்தைச் சுற்றிலும் இராமகாதை சிறுசிறு சிற்பங்களாகச் செதுக்கப்பட்டுள்ளது. ஒரு சாண் உயரமும் இல்லாத அவ்வுருவங்களைக் குனிந்து, ஒவ்வொன்றாக விரலால் சுட்டி, பேரப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார் ஒரு முதியவர். எழுத்தறியாதவர்க்குச் சுவர்களில் மறைவரலாற்றைத் தீட்டி வைத்த அசிசியின் பேராலயம் நம் நினைவுக்கு வந்தது. கலைஞர்கள் எங்கும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கின்றனர்.

வேடியப்பனின் நாடு

தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் நகரிலேயே உள்ளது. அங்கே பாதுகாக்கப்பட்டுள்ள நடுகற்களைக் காணாமல் தருமபுரியை விட்டுச் செல்லலாகாது. ஆநிரை கவர வந்தோரை எதிர்த்தோ, கவர்ந்து சென்ற ஆநிரையை மீட்டோ உயிர்நீத்த வீரர்களுக்கு அவ்வூரார் எடுத்த கற்கள் இவை. ஒரு கையில் வில், மறுகையில் வாள், உடலில் தைத்த அம்புகள் என்று வீரனின் கடைசி நேரத்தைக் கல்லில் வடித்து, இன்ன மன்னனின் இத்தனையாவது ஆட்சியாண்டில் இன்னார் மகன் இன்னான் பட்டான் என்று வட்டெழுத்தில் பொறித்து வைத்தனர். 1970களில் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் தருமபுரி, செங்கம் பகுதிகளில் ஊர் ஊராகச் சென்று இக்கற்களைத் தேடிப் படித்து வெளியிட்டபின்னரே இவற்றின் பெருமையை உலகம் அறிந்தது. அண்டையிலுள்ள செங்கம் பகுதியின் எடுத்தனூரில், தன் தலைவன் மாண்டபின்னும் கள்வரைக் கடித்து நின்ற கோவிவன் என்னும் நாய்க்கும் கல் எடுத்திருக்கின்றனர் என்றால், அம்மக்களின் நன்றியுணர்வை என்னென்பது!

மாமன்னர்களின் வெற்றியைச் சொல்லும் கல்வெட்டுகள் எங்கும் உண்டு. நான்கு பசுக்களுக்காக உயிர் கொடுத்த ஊர்க்காவலனின் பெயரைச் சொல்லும் கல்வெட்டுகள் இந்த வறண்ட நாட்டில்தான் இத்தனை அடர்த்தியாக இருக்கின்றன. காரணத்தை எண்ணிப் பார்த்தால் விளங்கும். மழை பொய்த்து விளைச்சல் போனாலும் குடும்பத்தைத் தாங்கியது மாடுதான். மாட்டைக் காத்தவன் ஊரைக் காத்தவன் ஆனான்.

அகழ்வைப்பகத்துக்குள் வராத கற்கள் இன்னும் கொல்லை மேடுகளிலும் ஏரிக்கரைகளிலும் நிற்கின்றன. ஊரார் அவற்றை வேடியப்பன் என்றழைத்து வணங்குகின்றனர். அரூர்ப் பக்கம் ஒரு புளியந்தோப்பில் அவ்வாறு ஒரு கல்லைக் கண்டோம். எண்ணெய் பூசிக் கறுத்திருந்தது. புதிய சாமந்திச் சரம் ஒன்று சாத்தப்பட்டிருந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மையாரிடம் அதில் என்ன எழுதியிருக்கின்றது என்று கேட்டோம்.

“எழுத்தெல்லாம் நமக்குத் தெரியாது சாமி. எங்க மாட்டுக்கு ஒண்ணுன்னா இவருகிட்ட சொல்லிட்டுப் போவோம். அவரு பாத்துக்குவாரு” என்றார்.

கல்வெட்டைப் படிக்கத் தெரியாவிட்டாலும், அதன் பொருளை அந்த அம்மையார் சரியாகவே சொல்லிவிட்டார். ஆயிரத்து இருநூறு, ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக ஒரு செய்தி இவ்வாறு கைமாறி வந்திருக்கின்றது. ஆனால் எல்லாக் கற்களுக்கும் இந்த நற்பேறு வாய்ப்பதில்லை. வீட்டு மனைகளுக்காக நிலம் சமன்செய்யப்படும்போதும், குன்றுகள் உடைக்கப்படும்போதும் பெயர் தெரியாத கற்கள் சத்தமின்றி மறைந்துவிடுகின்றன. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வின் வழியே, தமிழகத்தில் 4,200 ஆண்டுகளுக்கு முன்னரே இரும்பு வழங்கியது என்று 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் அறிவிக்கப்பட்டபோது நாம் பெருமைப்பட்டோம். மண்ணுக்கடியில் உள்ளதைத் தோண்டியெடுத்துப் பெருமைப்படும் நாம், மண்ணுக்குமேல் நிற்பதையும் காக்க வேண்டாமா?

களத்து மேட்டில்

வயல்களை ஒவ்வொன்றாக அளந்து, உழுபவனோடு நேராகக் கணக்குத் தீர்க்கும் இரயத்துவாரி முறைக்கு இந்நாடே பரிசோதனைக் களமாக இருந்தது. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் எனப்பட்ட இப்பகுதி ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு வந்தபோது, கேப்டன் ரீடின் துணையாளராக வந்த தாமஸ் மன்றோ 1799 வரை இங்கே பணியாற்றினார். தருமபுரியில் வீடமைத்துத் தோட்டம் போட்டு வாழ்ந்தார். பின்னாளில் சென்னை மாகாணத்தின் ஆளுநரான அவரது சிலையைச் சென்னையில் குதிரைமேல் காண்கின்றோம். இந்நாட்டை அவர் குதிரைமேலிருந்து மட்டும் கண்டிருந்தால் கொல்லை கொல்லையாக அறிந்திருக்க முடியாது.

நாமும் வரப்பின்மேல் நடந்தே கொல்லைகளைக் கண்டோம். புரட்டாசியிலேயே சாமை அறுவடை தொடங்கிவிடுகின்றது. தமிழகத்தில் சாமை விளையும் முக்கிய மாவட்டங்களுள் தருமபுரியும் ஒன்று. வத்தல்மலை, சித்தேரி போன்ற மலைப்பகுதிகளில் வாழும் பழங்குடியினர் இன்றும் அதனை விடாது பயிரிட்டு வருகின்றனர். சமவெளியில் கேழ்வரகுக் கதிர்களை அரிவாளால் அறுத்துக் குவிக்கின்றனர். மாடு பூட்டிப் போரடிக்கும் காட்சி அரிதாகிவிட்டது. தார்ச் சாலையில் கதிர்களைப் பரப்பி, அவற்றின்மேல் ஓடும் வண்டிகளையே போரடிக்க வைக்கும் வழக்கம் வந்துவிட்டது. வண்டியோட்டிகளுக்கு அது இடையூறுதான். ஆயினும் களத்துக்கு இடமும், மாட்டுக்குத் தீவனமும், வேலைக்கு ஆளும் இல்லாதவர்கள் வேறென்ன செய்வார்கள் என்று கேட்டால் விடை எளிதன்று.

பென்னாகரம் சாலையோரம் ஒரு வீட்டு முற்றத்தில் சாமை காயவைத்திருந்த மூதாட்டி நம்மை அழைத்து உட்கார வைத்தார். பெரிய கிண்ணத்தில் களியுருண்டையும், நடுவே குழி பறித்து ஊற்றிய கீரைக் குழம்பும் வந்தன. களியை மெல்லக் கூடாது. கிள்ளி, குழம்பில் தோய்த்து, விழுங்க வேண்டும் என்று நமக்குக் கற்றுக் கொடுத்தவரும் அவரே. முன்பெல்லாம் மூன்று வேளையும் சாமையும் கேழ்வரகும்தானே, இப்போது ஏன் குறைந்தது என்று கேட்டோம்.

“போட்டா மூணு மாசத்துல கைக்கு வந்துடும். மழ கொஞ்சம் முன்னபின்ன ஆனாலும் தாங்கும். ஆனா குத்தறது யாரு? நாலு தடவ குத்திப் புடைச்சாத்தான் அரிசி. பையன் பெங்களூருல கட்டட வேலைக்குப் போயிட்டான், மருமக திருப்பூருல. நான் ஒருத்தி குத்தி யாருக்குப் போடறது?” என்றார்.

ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டினைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. நகரங்களில் சாமையரிசி அழகிய பைகளில் நல்ல விலைக்கு விற்கின்றது. விளைவிப்பவரின் வீட்டிலோ உரல் ஓய்ந்து கிடக்கின்றது. அருகிலேயே ஒரு சிறு அரவை இயந்திரம் கிடைத்த ஊர்களில் சாமை மீண்டும் அடுப்பேறியிருப்பதாகவும் சொன்னார்கள். ஒரு பயிர் அழிவதும் பிழைப்பதும் சில வேளைகளில் இத்தனை சிறிய பொருளில் அடங்கியிருக்கின்றது.

இரண்டு திருத்தலங்கள்

பாப்பாரப்பட்டிக்குச் சென்றது மூன்றாம் நாள். வ.உ.சிதம்பரனாருடன் 1908இல் சிறை சென்ற சுப்பிரமணிய சிவா, சிறையில் பெற்ற தொழுநோயோடு வெளிவந்தவர். நோயைக் காரணம் காட்டி அரசு அவரை இரயிலேறத் தடுத்தபோது, கால்நடையாகவே ஊர் ஊராகச் சென்று விடுதலை முழக்கம் செய்தார். பாப்பாரப்பட்டியில் ஆசிரமம் அமைத்து, சாதி சமய வேறுபாடின்றி அனைவரும் வணங்கப் பாரத மாதாவுக்கு ஓர் ஆலயம் எழுப்ப விரும்பினார். 1923இல் தேசபந்து சித்தரஞ்சன் தாசு அதற்கு அடிக்கல் நாட்டினார். ஆலயத்தைக் காணாமலே, 1925 சூலை 23ஆம் நாள், அம்மண்ணிலேயே சிவா கண்மூடினார். இன்று அங்கே அவருடைய நினைவிடமும், பின்னாளில் எழுப்பப்பட்ட பாரத மாதா நினைவாலயமும் உள்ளன. புளிய மரங்களின் நிழலில் அமைதியாக இருக்கும் அவ்விடத்தில், தொழுநோயாளரைத் தழுவிய அசிசியாரை நினைத்துக்கொண்டோம். உலகம் தொட அஞ்சிய ஒருவர், உலகையெல்லாம் தொட்டுப் பேசிய ஊர் இது.

மற்றொன்று கோவிலூர். தருமபுரி மறைமாவட்டத்தின் பழமையான பங்குகளுள் ஒன்றாகிய இவ்வூரில் புனித பிரான்சிஸ் சவேரியாரின் ஆலயம் உள்ளது. இயேசு சபையின் மதுரைப் பணித்தளத்துக் குருக்களும், பின்னர் பாரிசு வேதபோதக சபையினரும் இந்நாட்டில் நடந்து உழைத்துள்ளனர். 1930இல் சேலம் மறைமாவட்டமும், 1997 சனவரி 24ஆம் நாள் அதிலிருந்து தருமபுரி மறைமாவட்டமும் உருவாயின. ஐப்பசியில் அங்குத் திருவிழாக் கூட்டம் இல்லை. சவேரியார் திருநாள் டிசம்பர் 3ஆம் நாள்தானே! மாலையில் செபமாலை சொல்ல வந்த பெண்களின் கைகளில் நிலக்கடலை பறித்த மண் ஒட்டியிருந்தது. அருகிருந்த மற்றச் சமயத்தார் வீடுகளிலும் அதே கடலை, அதே மண். மழையும் விளைச்சலும் எவரையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

ஓரத்தில் ஓடும் காவிரி

கடைசி நாள் ஒகேனக்கலுக்குச் சென்றோம். நாட்டைப் பார்த்தபின் அருவியைப் பார்ப்பதுதான் முறை என்பது நமது கருத்து. தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக 46 கிலோமீட்டர். பென்னாகரத்தைக் கடந்ததும் காடு சூழ்ந்த மலைச்சாலை கீழ்நோக்கி இறங்குகின்றது. கன்னடத்தில் புகையும் கல் என்று பொருள்படும் பெயர் இவ்விடத்துக்கு எவ்வளவு பொருத்தம் என்பதைத் தொலைவிலிருந்தே எழும் நீர்த்திவலைகள் காட்டிவிடுகின்றன. கர்நாடக அணைகள் நிரம்பிய பருவமாதலால் ஆறு செந்நிறமாய்ப் பெருகி, பல கிளைகளாய்ப் பிரிந்து, பாறைப் பிளவுகளில் வீழ்ந்து, மீண்டும் ஒன்றாகி, செங்குத்தான கற்சுவர்களுக்கிடையே ஓடுகின்றது. நீர் அடங்கியிருக்கும் நாள்களில் பரிசலில் சென்று அதனைக் காணலாம். வெள்ளம் மிகுந்தால் பரிசலும் குளியலும் தடைசெய்யப்படும். தடையை மீறுவோரை இவ்வாறு பொறுப்பதில்லை. பல குடும்பங்கள் இங்கே கண்ணீரோடு திரும்பியுள்ளன.

இத்தனை பெரிய ஆறு ஓடியும் தருமபுரி ஏன் வறண்டது? இந்த ஐயம் அங்கே நிற்கும் எவருக்கும் எழும். ஆறு மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், ஆழமான பள்ளத்தில் ஓடுகின்றது. ஊர்களும் கொல்லைகளும் மேட்டில் இருக்கின்றன. காவிரி இவர்களைக் கடந்து மேட்டூர் அணைக்குச் சென்று, அங்கிருந்து தஞ்சைத் தரணியை வாழவைக்கின்றது. மேட்டில் உள்ளவர்களோ பாறையைக் குடைந்து கிணற்றுநீரைக் குடித்தார்கள். அந்நீரில் வேறொரு துன்பம் ஒளிந்திருந்தது. இப்பகுதிப் பாறைகளிலிருந்து கரைந்து வரும் புளூரைடு, பல ஊர்களில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்னும் எல்லையைத் தாண்டியிருந்தது. அதனை ஆண்டுக்கணக்கில் குடித்த பிள்ளைகளின் பற்களில் காவி படிந்தது. முதியவர்களின் எலும்புகள் இறுகி வளைந்தன. சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்ளும் வழக்கம் இங்கே நாணத்தால் வந்தது அன்று, நீரால் வந்தது.

இதற்குத் தீர்வாக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் சப்பான் நாட்டுக் கடனுதவியோடு 2008ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, 2013ஆம் ஆண்டு மே மாதத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. பள்ளத்தில் ஓடும் காவிரியைச் சுத்திகரித்து, மேடேற்றி, தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களின் ஊர்களுக்கும் அனுப்புகின்றனர். பென்னாகரத்துத் தேநீர்க் கடையொன்றில் குழாயைச் சுட்டிக்காட்டிய முதியவர், “இது ஒகேனக்கல் தண்ணிங்க. எங்க பேரப்புள்ளைங்க பல்லப் பாருங்க” என்று சொல்லி, தம் வாயைத் திறவாமலே புன்னகைத்தார். எல்லா ஊருக்கும் எல்லா நாளும் அந்நீர் தடையின்றி வருவதில்லை என்ற குறையையும் வழியில் கேட்டோம். வராத நாளில் மக்கள் மீண்டும் பழைய ஆழ்குழாய்க் கிணற்றுக்கே செல்கின்றனர். ஆகவே இது முடிந்துபோன கதையன்று; நாள்தோறும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டிய கொடை.

வாழ்நாளை நீட்டிக்கும் ஒன்று தன் கைக்கு வந்தபோது, அதனைப் பிறர்க்கு ஈந்தவனின் நாடு இது. இன்றைய நெல்லிக்கனி நல்ல நீர் என்றே நமக்குத் தோன்றியது.

செல்வோருக்குச் சில சொற்கள்

குடும்பத்தோடு செல்ல விரும்புவோர் புரட்டாசி இறுதியிலிருந்து ஐப்பசி நடுப்பகுதி வரையுள்ள நாள்களைத் தேர்ந்துகொள்வது நலம். கார்த்திகையின் பெருமழைக்குப்பின் பனி வரும். தைக்குப்பின் பசுமை மெல்ல வடியத் தொடங்கும். சேலத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பேருந்துகளும், சேலம்–பெங்களூர் இருப்புப்பாதையில் தொடர்வண்டிகளும் உண்டு. ஒரு நாளை நகருக்கும் அதியமான்கோட்டைக்கும், ஒரு நாளை அரூர், தீர்த்தமலைப் பக்கத்துக்கும், ஒரு நாளைப் பாப்பாரப்பட்டிக்கும் ஒகேனக்கலுக்கும் ஒதுக்கினால் போதுமானது. குடையும் குளிர் தாங்கும் துணியும் உடனிருக்கட்டும். சாலையில் கதிர் காய்ந்தால் வண்டியை மெல்லச் செலுத்துங்கள். வேடியப்பன் கல்லின்மேல் எழுத்துத் தெரிந்தால் சுண்ணாம்போ மாவோ பூசித் தேய்க்காதீர்கள். பார்த்துவிட்டு, தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். திரும்பும்போது நகரத்துக் கடையில் வாங்கும் சாமையை அங்கேயே, விளைவித்தவரின் கையிலிருந்தே வாங்குங்கள்.

பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள் என்பது நமது தனி வேண்டுகோள். நெல்லிக்கனியின் கதையை அவர்கள் பாடநூலில் படித்திருப்பார்கள். அக்கதை பிறந்த மண் எத்துணை வறண்டது, அங்கே ஒரு கனியும் ஒரு குடம் நீரும் என்ன விலை பெறும் என்பதைக் கண்ணால் கண்டபின், அதே கதை அவர்களுக்கு வேறாக விளங்கும். மிகுதியாக உள்ளவர் கொடுப்பது இயல்பு. குறைவாக உள்ள நாடு, மழை பெய்த சில வாரங்களில் தன்னிடமுள்ள அத்தனையையும் பசுமையாய், பூவாய், கதிராய் வெளியே எடுத்து வைக்கின்றதே, அதனைக் காணவேனும் ஒருமுறை தகடூர் நாட்டுக்குச் சென்று வாருங்கள்.